38 வயதில் லேப் கோட்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் எனக்கு வந்த உப்பு லெட் நைட்ரேட். அதைக் கண்டுபிடித்தது நானல்ல. தண்ணீர்க் குடத்தை வைக்க வந்த அட்டெண்டர் அண்ணன், என் மேசையைக் கடக்கும்போது "லெட்டு, நைட்ரேட்டு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் என்ன? பழுப்பு வளையம் வந்தது, மஞ்சள் வீழ்படிவு வந்தது, எல்லாம் விடைத்தாளில் வந்தது. சோதனைக் குழாயில் வந்ததா என்று நான் பார்க்கக்கூட இல்லை. 50-க்கு 49.

அது 1996, விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் செட்டில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் பாஸானோம். 21 ஆண்டுகள் கழித்து டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது, ஆங்கிலமும் வயதும்தான் என்னைப் படுத்தப்போகின்றன என்று நினைத்தேன். படுத்தியது அந்த 49 மார்க்.

நான் அமெரிக்கா வந்தது கணவரின் வேலையைத் தொற்றிக்கொண்டு, எச்-4 விசாவில். அதில் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ஐ-140 (அவருடைய கம்பெனி அவருக்காகப் போடும் மனு) கட்டம் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை அனுமதி அட்டை வாங்கலாம் என்று 2015 மே மாதம் விதி வந்தது. அட்டை வந்துவிட்டது, என்ன வேலை என்றுதான் தெரியவில்லை. கையில் இருந்தது 1999-இல் வாங்கிய பி.எஸ்சி. விலங்கியல். தெரிந்த பெண்கள் எல்லோரும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பில் சேர்ந்தார்கள். நானும் இரண்டு வாரம் போய் உட்கார்ந்து பார்த்தேன், ஒட்டவில்லை. கல்லூரி நாட்களில் மனதோடு ஒட்டியது மைக்ரோஸ்கோப் ஒன்றுதான்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது அங்கே வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு ஆண்டுக் கல்லூரி. அந்த வட்டாரத்தில் குடியிருக்கிறோம் என்று காட்டினால், பல்கலைக்கழகத்தில் கேட்பதில் ஒரு சிறு பங்குதான் கட்டணம். வயது யாரும் கேட்பதில்லை. என் வகுப்பில் 16 பேர். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர் ஒருவர், நெயில் சலூனில் பத்து வருடம் உழைத்த வியட்நாமியப் பெண், நைஜீரியாவில் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்தவர், பள்ளி முடித்த கையோடு வந்த இரண்டு பிள்ளைகள். மூப்பில் நான் மூன்றாவது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4இல் இருப்பவர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் விண்ணப்பிக்கலாம். நாங்கள் சேமிப்பில் கை வைத்தோம்.

சேர்வதற்கு முன் நான் செய்த முதல் தப்பு, என் பட்டத்தை எடை போடாமலே இருந்தது. நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி.யை இங்கே பல மதிப்பீட்டு நிறுவனங்கள் நான்கு வருடப் பட்டமாக ஏற்பதில்லை. எனக்கும் மூன்று வருடப் படிப்பு என்றுதான் வந்தது. அதற்கு மேல் எம்.எஸ்சி. முடித்தவர்கள் இந்த இரண்டு ஆண்டுப் படிப்புக்குள் நுழையும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நான்கு வருடப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீட்டில் வந்துவிட்டால், மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட் என்ற மேல்படிக்கே ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு வழியாகப் போக முடியும். சம்பளமும் பொறுப்பும் அங்கே கூடுதல். எனக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. அதோடு, என் விலங்கியல் பாடங்கள் பழையவை என்று சொல்லி உடற்கூறியல், வேதியியல் எல்லாவற்றையும் மறுபடி படிக்கவைத்தார்கள். ஒரு வருடம் அதிலேயே போயிற்று. போகட்டும், சிறுநீரகத்தை 37 வயதில் படித்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

பார்க்க வேண்டிய இன்னொன்று, அந்தப் படிப்புக்கு 'நேக்ல்ஸ்' என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. ஏ.எஸ்.சி.பி. (அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கம்) நடத்தும் சான்றிதழ்த் தேர்வுக்கு நேராகப் போகும் வழி அதுதான். அது இல்லாத படிப்பில் பணம் கட்டிவிட்டுப் பின்னால் அழுதவர்களை எனக்குத் தெரியும். டெக்சாஸில் மாநில உரிமம் தேவையில்லை. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களில் உரிமம் தனியாக வேண்டும். கணவரின் வேலை எந்த மாநிலத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று தெரியாத நம்மவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பேப்பர் வேலையில் நான் பட்ட பாடு தனிக்கதை. மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பும் முன் தடுப்பூசிச் சான்றுகள் கேட்பார்கள். சின்னம்மை வந்துபோனதற்கு என்ன அத்தாட்சி என்றார் கல்லூரி அலுவலர். ஏழு வயதில் வாசலில் வேப்பிலை செருகி, பத்து நாள் கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? கடைசியில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து முடித்தோம். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் என் கை ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்துவிட்டது. பிறந்ததும் பி.சி.ஜி. போட்ட நம் ஆட்களுக்கு அந்தச் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். உடனே எக்ஸ்ரே, விசாரணை என்று ஒரு மாதம் கலங்கிப்போனேன். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். பெயரும் அப்படித்தான். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், இங்கே வந்த பிறகு கணவர் பெயர் என்று நான் மூன்று ஆட்களாக இருந்தேன். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

இனி வகுப்பு.

முதல் பருவத்திலேயே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரப்பர் கையில் இரண்டு வாரம், அப்புறம் ஒருவருக்கொருவர். ராணுவக்காரர் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவர்; என் கையைப் பார்த்ததும் திணறினார். பாடப்புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலுக்கு அடியில் நரம்பு நீலமாக ஓடும். என் கையில் எதுவும் ஓடவில்லை. எங்கள் ஆசிரியை அவரைக் கண்ணை மூடச் சொல்லி, என் முழங்கை மடிப்பில் விரலை வைக்கச் சொன்னார். அழுத்தினால் மேலே எழும்பி வருவது நரம்பு, எழும்பாமல் கயிறு மாதிரி விறைப்பாக இருப்பது தசைநாண், துடித்தால் அது தமனி, தொடாதே. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை இன்றுவரை மாற்றவில்லை. பார்க்கத் தெரிகிற நரம்பைவிட, விரலுக்குப் பிடிபடுகிற நரம்பைத்தான் நம்புவேன். கட்டிய பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது. ஊசியை வெளியே எடுப்பதற்கு முன் பட்டையை அவிழ்க்க வேண்டும். நான் ஒருமுறை மறந்து, வியட்நாமியப் பெண்ணின் கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வாரம் என் அடையாளம் இருந்தது.

டியூப்களை நிரப்பும் வரிசையும் முக்கியம். ரத்த கல்ச்சர் பாட்டில் முதலில், அதன் பிறகு மூடியின் நிறப்படி நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். வகுப்பில் ஆளாளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாசகம் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது தமிழில் வந்தது: "நீ சிரிச்சா பக்கத்து ஊரே சாயும்." நீ, சி, ப, ஊ, சா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தங்க நிற மூடி சிவப்போடு சேரும்.

இந்த வரிசை ஏன் என்பதைப் பின்னால் மருத்துவமனையில்தான் கண்ணால் கண்டேன். அதற்கு வருகிறேன்.

பூச்சு எடுத்து ரத்த அணுக்களை எண்ணும் வகுப்பு எனக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு தகட்டைச் சாய்த்து ஒரே இழுப்பு. கை தயங்கினால் வரி வரியாக வரும். தோசைக்கல்லில் மாவை இழுக்கிற கைக்கு இது சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தேன், 40 தகடு வீணானது. நுனி இறகு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். அணுக்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகப் படுத்திருக்கும் இடம் அந்த நுனிக்குச் சற்று முன்னால்தான் கிடைக்கும். அங்கே 100 வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவோம். புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் படித்தவர்கள் மோனோசைட்டையும், வைரஸ் காய்ச்சலில் பருத்துப்போன லிம்போசைட்டையும் கடைசிவரை குழப்பிக்கொண்டார்கள். நான் பார்த்த ஒவ்வொன்றையும் கலர் பென்சிலால் வரைந்தேன். விலங்கியல் ரெக்கார்டு நோட்டு வரைந்த கை ஒரு இடத்திலாவது உதவியது.

அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்த சின்னக் கணக்கு ஒன்று: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண், வர வேண்டும். 12 என்றால் 36, மூன்று கூடக் குறைய இருக்கலாம். பொருந்தாவிட்டால் மெஷினை நம்பாதே, சாம்பிளைப் பார். கட்டி தட்டியிருக்கலாம், கொழுப்பு மிதக்கலாம், குளிரில் அணுக்கள் ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு எண் சாட்சிக்கு நிற்கும். அதை விசாரிக்காமல் ரிசல்ட்டை வெளியே விடாதே என்பதுதான் ஆசிரியையின் ஓயாத பாட்டு.

நுண்ணுயிரியலில் கிராம் சாயம் என்னை அலைக்கழித்தது. பாக்டீரியாவை நிறத்தால் இரண்டாகப் பிரிக்கும் முறை அது. டென்மார்க்காரர் கிராம் 1884-இல் எழுதிவைத்ததிலிருந்து வளர்ந்தது, சமையல் குறிப்பு அளவுக்கு எளிது. ஊதாச் சாயம், அயோடின், கழுவும் திரவம், சிவப்புச் சாயம். மூன்றாவதில்தான் விஷயம். இரண்டு வினாடி கூடினால் ஊதாவாக நிற்க வேண்டிய பாக்டீரியாவும் வெளுத்து, இளஞ்சிவப்பாகிவிடும். நோயாளிக்குத் தப்பான மருந்து போகும். அதனால் பக்கத்திலேயே தெரிந்த பாக்டீரியா இரண்டை வைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். அவை சரியான நிறத்தில் நின்றால்தான் நடுவில் இருப்பதைப் படிக்கலாம்.

பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளில் இருக்கும் அகர், நம் வீட்டுச் சைனா கிராஸ்தான். நோன்பு நாட்களில் பக்கத்து வீட்டில் பால் ஊற்றிக் கடல்பாசி செய்து தருவார்களே, அதே சாமான். 1881-இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண், கணவரின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் வெயிலில் இளகி வழிவதைப் பார்த்துவிட்டு, தன் சமையலறை அகரைச் சிபாரிசு செய்தார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த தோழி மூலம் அவருக்கு அது பழக்கமாம். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு ஏலக்காய் வாசனையே வந்துவிட்டது. ஆனால் தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது. பழைய ஆட்கள் வாசனையிலேயே பாக்டீரியா பெயர் சொல்வார்களாம். இப்போது பாதுகாப்பு விதிப்படி தடை.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால்சியம் ஆக்சலேட் படிகம் தபால் கவர் மாதிரி இருக்கும், பார்த்தால் மறக்காது. அந்த வாரம் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏம்மா, அடுத்தவங்க ஒண்ணுக்கப் பாக்கவா நீ இம்புட்டுத் தூரம் போன?" என்றார். அப்பா பின்னாலிருந்து "சம்பளம் வருமான்னு கேளு" என்றார்.

ரத்த வங்கி வகுப்புக்கு வருகிறேன். அங்கேதான் மாட்டினேன்.

முதலில் நல்ல விஷயம். லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட ஏ, பி, ஓ கதை முடிந்ததும் ஆசிரியை பம்பாய் குரூப்பைப் பற்றிச் சொன்னார். 1952-இல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் கண்டறிந்த வகை. மேலோட்டமாகப் பார்த்தால் ஓ குரூப் என்று காட்டும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து. எச் என்ற அடிப்படைப் பொருளே அவர்கள் அணுக்களில் இருக்காது. இன்னொரு பம்பாய் குரூப்காரரின் ரத்தம்தான் சேரும். 15 தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் அதுவரை பம்பாய்க்கே போனதில்லை, என் குரூப் பி பாசிட்டிவ் என்றேன். அதற்கும் ஒரு மதிப்பு இருந்தது. அமெரிக்காவில் பி குரூப் பத்தில் ஒருவருக்குத்தான். நம் நாட்டில் அது ஓ-வோடு போட்டி போடும். அந்தப் பருவம் முழுக்க வகுப்புக்குத் தேவையான பி அணுக்களுக்கு நான்தான் கறவை மாடு.

டியூபில் அணுக்கள் கட்டியாகின்றனவா என்று பார்ப்பதற்கும் ஒரு கை வேண்டும். உலுக்கினால் பலவீனமான கட்டி கலைந்துவிடும். குழந்தையை எழுப்பாமல் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, சாய்த்துச் சாய்த்து அடியில் இருக்கும் பொத்தான் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நான்கு பிளஸ் வரை மதிப்பு.

கூம்ப்ஸ் சோதனை கொஞ்சம் நீளமானது. நோயாளியின் சீரத்தில் (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) அடுத்தவர் அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தச் சீரத்தையும் வேறொருவரின் சிவப்பணுக்களையும் 37 டிகிரியில் வைத்து, உப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, கூம்ப்ஸ் திரவத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டியானால் பாசிட்டிவ். ஆகாவிட்டால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். உண்மையிலேயே எதிர்ப்பொருள் இல்லையா, அல்லது சரியாகக் கழுவாததால் திரவம் செயலிழந்துவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள, ஏற்கெனவே எதிர்ப்பொருள் பூசிய 'செக் செல்' ஒரு சொட்டு விட வேண்டும். அது கட்டியாக வேண்டும். ஆகாவிட்டால் முழுச் சோதனையும் குப்பை, முதலிலிருந்து தொடங்கு.

அன்று எனக்கு ஆறு டியூப். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர இன்னும் 25 நிமிஷம். ஆறும் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் செக் செல் எப்படியும் கட்டியாகும், ஆகத்தான் செய்யும். ஆறு கட்டத்திலும் 'இரண்டு பிளஸ்' என்று எழுதினேன். எழுதும்போது நான் தப்பு செய்கிறேன் என்ற எண்ணம்கூட இல்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வர வேண்டியது எது என்று தெரியும், அதை எழுதினேன். லெட் நைட்ரேட்.

ஆசிரியை என் ரேக்கிலிருந்து ஒரு டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்து ரேக் டியூபில் திரவம் ஒரு சொட்டு உயரம் கூடுதலாக இருந்தது, என்னுடையதில் இல்லை. "செக் செல் எங்கே?" என்றார். நான் நேரம், மகள் என்று ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. செக் செல் பாட்டிலை என் முன்னால் வைத்து, "இப்போது விடு" என்றார். விட்டேன், சுழற்றிப் பார்த்தேன். ஐந்து டியூபில் இரண்டு பிளஸ். நான்காம் டியூபில் ஒன்றுமே இல்லை. நான் கழுவியது போதவில்லை. அந்த டியூபின் நெகட்டிவுக்கு அர்த்தமே கிடையாது.

அன்றைய செய்முறைக்குப் பூஜ்யம். பதிவு ஏட்டில் என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு. "கழுவாமல் விட்டதற்கு மார்க் குறைத்திருப்பேன். இது அதற்கான பூஜ்யம் இல்லை" என்று மட்டும் சொன்னார். இன்னொரு முறை நடந்தால் படிப்பிலிருந்தே நீக்கம் என்று மாணவர் விதிப் புத்தகத்தில் இருந்தது, நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். மகளைக் கூப்பிடத் தாமதமாகித்தான் போனேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒரே ஒழுங்கு, படிக்கும் முன் எழுதுவதில்லை, படித்தவுடன் எழுதாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. பேனா இடது பக்கம், டியூப் வலது பக்கம். கேட்க அற்பமாக இருக்கும். நமக்குள் ஊறிய பழக்கத்தை நல்ல எண்ணத்தால் மட்டும் மாற்ற முடியவில்லை, கைக்கு ஒரு தடை தேவைப்பட்டது.

வேதியியல் பிரிவில் இதே நோய் வேறு உருவில் வந்தது. தினமும் காலையில் நோயாளி சாம்பிளுக்கு முன், அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை மெஷினில் ஓட்ட வேண்டும். அதன் மதிப்பை லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைப்போம். எல்லைக்கு வெளியே விழுந்தால் உடனே கை போவது, இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று. உள்ளே விழும் வரை ஓட்டினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் விழத்தான் செய்யும்! 20 தடவையில் ஒரு தடவை எந்தக் குறையும் இல்லாமலே இரண்டு எஸ்.டி.க்கு (திட்ட விலக்கம், அதுதான் வரைபடத்தின் எல்லைக்கோடு) வெளியே போகும், உண்மை. ஆனால் ஒரே பக்கமாக இரண்டு நாள் தொடர்ந்து போனால் அது தற்செயல் இல்லை. வெஸ்ட்கார்ட் விதிகள் எல்லாம் இதைப் பிரித்தறியத்தான். தேர்வுக்கு அவற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு மாத வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த நாளில் நீங்கள் வேலையை நிறுத்தியிருப்பீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். தானாக மண்டையில் ஏறும்.

கடைசிப் பருவம் மருத்துவமனைப் பயிற்சி. சம்பளம் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள், காலை 6 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், ரத்தம் எடுக்கும் சுற்றென்றால் அதிகாலை 4. அந்த நான்கரை மாதம் வீட்டில் யார் சோறு பொங்குவது, குழந்தையை யார் கிளப்புவது என்பதைச் சேரும்போதே பேசி முடித்துவிடுங்கள். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முயன்ற இருவர் பாதியில் நின்றார்கள். என் மாமியார் அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

பொட்டாசியம் கதை அங்கே நடந்தது. ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 14-க்கு மேல், கால்சியம் 3. பொட்டாசியம் வழக்கமாக 5-ஐத் தாண்டாது, 14 என்றால் இதயம் நின்றிருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கியது, உடனே வார்டுக்குப் போன் செய்ய எழுந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியன் உட்காரச் சொல்லி, "கால்சியத்தைப் பார், இரண்டையும் சேர்த்து யோசி" என்றார். ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் கலந்த இடிடிஏ. அது கால்சியத்தைக் கவ்விப் பிடித்துத்தான் ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. யாரோ தங்க மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். போன் போட்டோம், மறுபடி ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் 4.2. நோயாளி காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு டியூபின் மருந்து இன்னொன்றில் கலக்கக் கூடாது. பக்கத்து ஊர் சாய்வது இதனால்தான்.

எல்லாம் மெஷின் செய்கிறது, ஆளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒழுங்கான ரிசல்ட்டை மெஷின் தானே வெளியே அனுப்பிவிடும். அது சந்தேகப்பட்டு நிறுத்தி வைப்பவை மட்டும்தான் என் திரைக்கு வரும். என் சம்பளம் அந்தச் சந்தேகங்களுக்கு.

அடையாளம் கேட்பதையும் அங்கேதான் பழகினேன். "நீங்கதானே மிஸஸ் கார்சியா?" என்று கேட்டால் பாதி மயக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். "உங்க பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று அவர் வாயால் வர வேண்டும், கைப்பட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். லேபிளைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். நர்ஸ் மேசைக்கு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிற நிமிஷத்தில்தான் டியூப்கள் கைமாறும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. ஏ.எஸ்.சி.பி. தேர்வு 100 கேள்வி, இரண்டரை மணி நேரம், 999-க்கு 400 வாங்கினால் தேர்ச்சி. சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும் அமைப்பு. அதனால் நன்றாக எழுதுகிறவர்களுக்கும் நடுவில் தோற்றுவிட்டோம் என்று தோன்றும், எழுந்து போய்விடாதீர்கள். ரத்த வங்கி, வேதியியல், ரத்த அணுவியல், நுண்ணுயிரியல் நான்கும் பெரிய பங்கு. நான் பயிற்சியில் அன்றன்று பார்த்த விசித்திரமான ஒரு சாம்பிளைப் பற்றி இரவில் பத்து வரி எழுதி வந்தேன். கடைசி ஒரு மாதம் அந்த நோட்டைத்தான் படித்தேன். முடித்ததும் திரையில் தற்காலிக முடிவு வந்தது, பாஸ். 2019 ஆகஸ்ட். அம்மாவுக்குப் போன் செய்தபோது அங்கே அதிகாலை.

வேலை கிடைப்பது கஷ்டமாக இல்லை. பயிற்சி கொடுத்த இடத்திலேயே இரவுப் பணிக்கு எடுத்தார்கள். புது ஆளுக்கு முதலில் கிடைப்பது இரவுதான். ஆறு மாதத்தில் கொரோனா வந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல நினைத்தது அதற்கு அடுத்த வருடம் ஓர் இரவு. அவசரப் பிரிவிலிருந்து ஒரு முதியவரின் டியூப், இரண்டு யூனிட் ரத்தம் தயார் செய்யச் சொல்லி. ஏ பாசிட்டிவ், நான்கு பிளஸ், பளிச்சென்று. எந்தக் குறையும் சொல்ல முடியாத ரிசல்ட். ஆனால் கம்ப்யூட்டரில் ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்று ஓ பாசிட்டிவ் என்றது. அதே பெயர், அதே பிறந்த தேதி. நர்ஸுக்குப் போன் செய்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"அவருக்கு நரம்பே கிடைக்கவில்லை, மூன்று தடவை குத்திவிட்டோம். பழைய பதிவு தப்பாக இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம். மறுபடி எடுத்தால்தான் தெரியும். அதுவரை அவசரமென்றால் ஓ ரத்தம் தருகிறேன், ஏ தரமாட்டேன்."

அந்தப் பக்கம் போன் கொஞ்சம் வேகமாகவே வைக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் புது டியூப் வந்தது. கழுவி, சீரம் விட்டு, சுழற்றி, சாய்த்துப் பார்த்தேன். படித்தேன், அப்புறம் எழுதினேன். ஓ பாசிட்டிவ்.

மூத்த டெக்னீஷியனை எழுப்பினேன். முதல் டியூபில் இருந்த ஏ பாசிட்டிவ் ரத்தம் யாருடையது, அவருடைய லேபிளோடு இப்போது எந்த டியூப் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் தேட ஆரம்பித்தோம்.